வன்முறையில் சிதைந்த நாட்டின் சேதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2025 பிப்ரவரியில் உக்ரைன் பற்றி ஓர் எண் உலகம் முழுக்கச் சுற்றியது: 524 பில்லியன் டாலர். (ஒரு பில்லியன் என்றால் 100 கோடி.) ‘போரில் உக்ரைனுக்கு 524 பில்லியன் டாலர் சேதம்’ என்றுதான் பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். ஆனால் அந்த எண் வெளிவந்த மதிப்பீட்டு அறிக்கையிலேயே சேதம் என்ற தலைப்பில் இருப்பது 176 பில்லியன். இழப்பு என்ற தலைப்பில் 589 பில்லியன். 524 என்பது மூன்றாவது எண்; நாட்டை மீட்டெடுக்க அடுத்த பத்தாண்டுகளில் ஆகும் என்று போட்ட செலவு. மூன்றுமே சரியான எண்கள்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பேசினால் எதுவும் விளங்காது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. சேதம் என்றதும் இடிந்த கட்டடத்தைத்தான் தேடுகிறோம். நிலநடுக்கத்துக்கு அது ஓரளவு பொருந்தும். வன்முறையில் சிக்கிய நாட்டில் மிகப் பெரிய அடி பல நேரம் இடியாத கட்டடத்துக்குள்தான் விழுந்திருக்கும். அது எப்படி என்பதைக் கரீபியன் தீவு நாடான ஹைத்தியை வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் அடிப்படைக் கணக்கு.

அண்ணாச்சி கடையில் தீ

தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. ஒரு ராத்திரி தீப்பிடித்து தகரக் கூரை, அலமாரி, ஃபிரிட்ஜ், மூட்டை மூட்டையாக இருந்த அரிசி பருப்பு எல்லாம் போய்விட்டது. போனவற்றை அதே தரத்தில் திரும்ப வாங்கினால் என்ன விலையோ, அதுதான் சேதம்.

கடை மூன்று மாதம் பூட்டிக் கிடக்கிறது. அந்த மூன்று மாத வியாபாரம் போச்சு. இடையில் தள்ளுவண்டி வாடகைக்கு எடுத்து கொஞ்சம் சரக்கு விற்றார். அந்த வாடகை வழக்கமாக இல்லாத செலவு. நின்றுபோன வரவு, புதிதாக முளைத்த செலவு இரண்டும் சேர்ந்தது இழப்பு. சேதம் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். இழப்பு கடை பழையபடி ஓடும்வரை நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும்.

இப்போது அண்ணாச்சி மறுபடி கடை போட வேண்டும். போன மூன்று மாத லாபத்தை யாரும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. அது கணக்கில் வராது. ஆனால் இந்தத் தடவை தகரம் வேண்டாம், தளம் போடலாம், பழைய வயரிங்கை மாற்றலாம் என்று நினைக்கிறார். சரக்கு வாங்கக் கைமுதலும் வேண்டும். எழுந்து நிற்க ஆகும் இந்தத் தொகைதான் தேவை.

ஆக, சேதத்தையும் இழப்பையும் கூட்டினால் தேவை வராது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைத்தியில் எடுத்த கணக்கில் சேதம் 4.3 பில்லியன், இழப்பு 3.5 பில்லியன், இரண்டும் சேர்ந்து 7.8 பில்லியன். அது அந்த நாட்டின் முந்தைய ஆண்டு உற்பத்தி முழுவதையும் தாண்டிய தொகை. ஆனால் தேவை என்று போட்டது 11.5 பில்லியன். ஏற்கெனவே பலவீனமாக இருந்த பள்ளி, மருத்துவமனைகளை இன்னும் நன்றாகக் கட்ட வேண்டும் என்பதால் எண் மேலே போனது. உக்ரைனில் தலைகீழ்: சேதமும் இழப்பும் 765 பில்லியன், தேவை 524. அங்கே இழப்பின் பெரும்பகுதி போனது போனதுதான்.

சுருக்கமாக: சேதம் என்பது உடைந்த பொருளின் விலை. இழப்பு என்பது ஓட்டம் நின்றதன் விலை. தேவை என்பது எழுந்து நிற்க ஆகும் செலவு.

முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே

இந்த முறை போர்களுக்காக உருவானதல்ல. 1972இல் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அதிலிருந்து பாடம் கற்று, லத்தீன் அமெரிக்காவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் இந்தக் கணக்குமுறையைப் படிப்படியாக வளர்த்தது. 2008இல் ஐ.நா., உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும், நெருக்கடிக்குப் பிந்தைய மதிப்பீடுகளை இனி சேர்ந்தே செய்வோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கு முன் ஒவ்வொரு அமைப்பும் தனித்தனிக் குழுவை அனுப்பி, வேலை செய்ய நேரமில்லாமல் தவிக்கும் அதே அதிகாரியிடம் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலையின் முதல் படி சேதத்தை எண்ணுவதல்ல. நெருக்கடிக்கு முன் என்னென்ன இருந்தன என்பதைப் பட்டியலிடுவது: எத்தனை வீடு, எத்தனை பள்ளி, எத்தனை கிலோமீட்டர் சாலை, ஒரு போகத்துக்கு எவ்வளவு விளைச்சல். இதை அடிப்படைநிலை என்பார்கள். இது இல்லாவிட்டால் ‘பாதி அழிந்துவிட்டது’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை; எதில் பாதி?

கேட்க எளிது. ஹைத்தியில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2003இல். 2010 நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் இருந்த அமைச்சக அலுவலகங்கள் ஏறக்குறைய எல்லாமே இடிந்தன. கோப்புகள் இடிபாட்டுக்குள், கோப்புகளை அறிந்த ஊழியர்களில் பலர் உயிரோடு இல்லை. எந்த அரசிடம் விவரம் கேட்க வேண்டுமோ அந்த அரசும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர். இப்படிப்பட்ட மதிப்பீடுகளில் வரும் எண்ணைப் பைசா சுத்தமான கணக்காகப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். ஐந்தாறு வாரத்தில் ஒரு நாட்டையே அளந்து முடிக்கிறார்கள். முடிவெடுக்கப் போதுமான துல்லியம், அவ்வளவுதான்.

போக முடியாத ஊரைப் பார்ப்பது

வெள்ளம் வடிந்தால் அதிகாரிகள் ஜீப்பில் போய்ப் பார்க்கலாம். துப்பாக்கிச் சண்டை நடக்கும் ஊருக்கு யார் போவது? இங்கே செயற்கைக்கோள் படங்கள் கைகொடுக்கின்றன. ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டடத்தையும் முழுச் சேதம், பகுதிச் சேதம், சேதமில்லை என்று பிரிக்கிறார்கள். ராத்திரியில் எடுத்த படத்தில் எந்தப் பகுதியில் விளக்கு எரிகிறது என்று பார்த்தால் மின்சாரம் இருக்கிறதா, ஆள் இருக்கிறார்களா என்று ஊகிக்கலாம். வயலின் பச்சை குறைந்திருந்தால் விதைப்பு நடக்கவில்லை.

ஆனால் வானத்திலிருந்து கூரைதான் தெரியும். கூரை அப்படியே இருக்க, உள்ளே கதவு, ஜன்னல், மின்கம்பி, மோட்டார் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். படம் ‘சேதமில்லை’ என்று சொல்லும். அதனால் உள்ளூர் செவிலியர், ஆசிரியர், லாரி ஓட்டுநர் போன்றவர்களிடம் தொலைபேசியில் விசாரித்துப் படத்தோடு சரிபார்க்கிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. தகவல் சொன்னவருக்கு அதனாலேயே ஆபத்து வரலாம். ஆகவே யாரிடம் கேட்டார்கள் என்பதை மறைத்தே வைக்கிறார்கள்.

இன்னொன்று: நிலநடுக்கம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சண்டை முடிவதில்லை. அதனால் எந்தத் தேதி வரை எண்ணியது என்பது எண்ணைப் போலவே முக்கியம். உக்ரைனின் தேவை 2022 செப்டம்பர் அறிக்கையில் 349 பில்லியன். அடுத்தடுத்த அறிக்கைகளில் 411, 486, பிறகுதான் 524.

கடை எரியவில்லை, திறக்கவும் முடியவில்லை

அண்ணாச்சி கடைக்கே திரும்புவோம். இந்தத் தடவை தீ இல்லை. கூரை, ஃபிரிட்ஜ், சரக்கு எல்லாம் பத்திரம். ஆனால் தெருவை ஒரு ரவுடிக் கும்பல் பிடித்துக்கொண்டது. சரக்கு லாரி உள்ளே வர மாமூல் கேட்கிறார்கள். வாடிக்கையாளர்கள் தெருப்பக்கம் வர பயப்படுகிறார்கள். அவரும் கடையைப் பூட்டிவிட்டு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். சேதம் பூஜ்யம். கடை செத்துவிட்டது.

ஹைத்தியின் இன்றைய நிலை பெரும்பாலும் இதுதான். 2021 ஜூலையில் அதிபர் ஜோவனெல் மொய்ஸ் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் ஆயுதக் கும்பல்களின் பிடி இறுகியது. 2024 பிப்ரவரி இறுதியில், ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த கும்பல்கள் கைகோத்துத் தலைநகரைத் தாக்கின. சிறைகளை உடைத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை வெளியே விட்டன. விமான நிலையம் மார்ச் தொடக்கத்தில் மூடப்பட்டு மே 20 அன்றுதான் திறந்தது. வெளிநாட்டிலிருந்த பிரதமர் ஏரியல் ஆன்றி நாடு திரும்ப முடியாமல் பதவி விலகினார். 2024இல் மட்டும் 5,600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு. வீட்டை விட்டு ஓடியவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள்.

இந்த நாட்டில் ஒரு சாலையை எப்படி மதிப்பிடுவது? தலைநகரிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை மார்த்திசான் என்ற பகுதி வழியாகப் போகிறது. 2021 ஜூன் முதல் அந்தப் பகுதி கும்பல்களின் கையில். தார் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் தென்பகுதி முழுக்கத் தலைநகரிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது. பொறியாளரிடம் கேட்டால் ‘சின்னச் சின்னக் குழி, பராமரிப்பு போதும்’ என்பார். அந்தச் சாலையை நம்பி வாழைக்காய் விற்ற விவசாயிக்குச் சாலையே இல்லை.

மருத்துவமனைக்கும் இதே கதி. தலைநகரின் பெரிய பொது மருத்துவமனை 2024 தாக்குதல்களில் மூடப்பட்டது. டிசம்பர் 24 அன்று மறுபடி திறக்கப்போவதாக அறிவித்து, செய்தியாளர்களை வரவழைத்தார்கள். கும்பல் துப்பாக்கியால் சுட்டது. இரண்டு செய்தியாளர்களும் ஒரு காவலரும் இறந்தார்கள். கட்டடத்தைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். அதைத் திறந்து வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்பதற்குச் சிமெண்ட் விலைப்பட்டியல் உதவாது.

ஆகவே இப்படிப்பட்ட நாட்டில் மதிப்பீட்டாளர்கள் கேள்வியை மாற்றிக்கொள்கிறார்கள். ‘எத்தனை பள்ளி இடிந்தது’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பள்ளி மூடிக்கிடக்கிறது, எத்தனை பள்ளியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கின்றன, பிள்ளைகள் எத்தனை நாள் படிப்பை இழந்தார்கள் என்று கேட்கிறார்கள். சாலை வழி போகாத சரக்கைக் கப்பலிலும் விமானத்திலும் அனுப்ப எவ்வளவு கூடுதல் செலவு? துறைமுகம் நின்றதால் அரசுக்கு வராத சுங்க வரி எவ்வளவு? எத்தனை மருத்துவர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள்? இவை எல்லாம் இழப்புப் பத்தியில் வருபவை. வன்முறை நாடுகளின் அறிக்கையில் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சிரியாவைப் பற்றி உலக வங்கி 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாலேயே காட்டியது. போரின் முதல் ஆறு ஆண்டுகளில் நாட்டின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்பு 226 பில்லியன் டாலர். அது போருக்கு முந்தைய 2010ஆம் ஆண்டு உற்பத்தியைப் போல் நான்கு மடங்கு. இதில் கட்டடமும் இயந்திரமும் அழிந்ததன் பங்கு எவ்வளவு, வலைப்பின்னல்கள் அறுந்ததன் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கணித்துப் பார்த்தார்கள். வலைப்பின்னல் என்றால் சந்தைக்கும் விவசாயிக்கும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும், ஊருக்கும் ஊருக்கும் இருந்த தொடர்பு. தொடர்பு அறுந்ததால் வந்த இழப்பு, பொருள் அழிந்ததால் வந்த இழப்பைப் போல் 20 மடங்கு என்று வந்தது. குண்டு விழுந்த கட்டடத்தின் படத்தையே ஆண்டுக்கணக்காகப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் கொஞ்சம் ஆடித்தான் போவோம்.

இதுவரை: வன்முறையில் பொருள் அழிவது ஒரு பகுதி, பயன்படுத்த முடியாமல் போவது அதைவிடப் பெரிய பகுதி. அதனால் செங்கல் கணக்கை மட்டும் வைத்து மீட்புத் திட்டம் போட்டால் அது தவறான இடத்தில் பணத்தைக் கொட்டும்.

எதை முதலில் செய்வது, யாருக்கு முதலில் செய்வது

தேவைப் பட்டியல் தயார். அதை வரிசைப்படுத்துவதுதான் மீட்புத் திட்டம். இது நிவாரணம் அல்ல. நிவாரணம் என்பது இன்று சோறு, தண்ணீர், மருந்து, தார்ப்பாய். மீட்பு என்பது நாளை அந்த மனிதர் தன் சம்பாத்தியத்தில் சோறு சாப்பிட வழி செய்வது. நிவாரணத்தை ஓரளவு அரசைச் சுற்றிக்கொண்டு போய்க்கூடக் கொடுத்துவிடலாம். மீட்புக்கு அரசு வேண்டும், குறைந்தபட்சம் அந்த ஊரில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் ஏதாவது ஓர் அதிகாரம் வேண்டும்.

அதனால் மோதல் நடந்த நாடுகளில் சேதக் கணக்கோடு மோதல் பகுப்பாய்வு என்ற ஒன்றையும் செய்கிறார்கள். சண்டை ஏன் வந்தது, யாருக்கு யார் மேல் கோபம், சண்டையால் பிழைப்பவர்கள் யார் என்பதை ஆராய்வது. இது எதற்கு? ஓர் ஆற்றங்கரையில் இரண்டு ஊர், பகை ஊர்கள். பொறியாளரின் பட்டியலில் முதல் ஊரின் பாலம்தான் அவசரம். அதை மட்டும் கட்டினால் இரண்டாவது ஊர் ‘பார்த்தாயா, அரசு அவர்கள் பக்கம்’ என்று சொல்லும். சண்டையை மூட்டிய காரணத்தையே திட்டம் மறுபடி ஊதிவிடும்.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2016இல் செய்த மதிப்பீடு இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டு. 2013 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் முஸ்லிம், கிறிஸ்தவ ஆயுதக் குழுக்களின் மோதலில் அந்த நாடு கிழிந்து கிடந்தது. மதிப்பீட்டில் கட்டடங்களை எண்ணியதோடு நாடெங்கும் மக்களிடமும் கேட்டார்கள். ஐந்தாண்டுத் திட்டத்தின் முதல் தூணாக எழுதியது சாலையை அல்ல. அமைதி, பாதுகாப்பு, நல்லிணக்கம். ஆயுதக் களைவும் நீதிமன்றங்களும் அதில் அடக்கம். மொத்தத் தேவை சுமார் 3.2 பில்லியன் என்றார்கள். 2016 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் சுமார் 2.2 பில்லியனுக்கு வாக்குறுதி கிடைத்தது. அதன் பிறகும் அந்த நாட்டில் சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திட்டம் நன்றாக இருந்தால் அமைதி தானாக வந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இலங்கை வாசகர்களுக்கு இது புதிய கதையாக இருக்காது. போர்நிறுத்தக் காலத்தில், 2003 மே மாதம், வடக்கு கிழக்கின் தேவைகளை ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா., உலக வங்கி மூன்றும் சேர்ந்து மதிப்பிட்டு அறிக்கை தந்தன. ஜூனில் டோக்கியோ மாநாட்டில் இலங்கைக்கு 4.5 பில்லியன் டாலர் தருவதாக நாடுகள் சொல்லின. ஆனால் ஏப்ரலிலேயே பேச்சுவார்த்தையிலிருந்து விலகிவிட்ட விடுதலைப் புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. பணம் யார் கை வழியாகப் போவது என்ற கேள்வி தீரவில்லை. அடுத்து 2004 டிசம்பரில் சுனாமி. சேதம் சுமார் ஒரு பில்லியன் டாலர் என்ற மதிப்பீடு சில வாரத்திலேயே வந்துவிட்டது. அந்த நிதியை வடக்கு கிழக்கில் பகிர்ந்துகொள்ள அரசும் புலிகளும் 2005 ஜூனில் பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் செய்தார்கள். அதை எதிர்த்துக் கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அரசிலிருந்து வெளியேறியது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தின் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. இரண்டு தடவையும் இடறியது கணக்கில் அல்ல. கணக்குப் போட்டவர்களால் தீர்த்துவைக்க முடியாத ஒன்றில்.

சொன்ன பணமும் வந்த பணமும்

மாநாட்டில் ஒரு நாடு ‘இவ்வளவு தருகிறோம்’ என்று சொல்வது வாக்குறுதி. ஒப்பந்தம் போட்டு, இன்ன திட்டத்துக்கு என்று எழுதிக்கொடுப்பது ஒதுக்கீடு. பணம் உண்மையில் கைமாறுவது வழங்கல். செய்தியில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது. மூன்றாவதுக்கு வரும்போது யாரும் படம் எடுக்க வருவதில்லை.

2010 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் ஹைத்திக்காக நடந்த மாநாட்டில் 9.9 பில்லியன் டாலருக்கு வாக்குறுதி, அதில் 5.3 பில்லியன் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு. மேற்பார்வைக்கு ஓர் இடைக்கால ஆணையம். இணைத் தலைவர்கள் பில் கிளிண்டனும் அப்போதைய பிரதமர் ஜான் மாக்ஸ் பெல்ரீவும். 2011 அக்டோபரில் ஆணையத்தின் காலம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. இதற்கிடையே அவசர நிவாரணத்துக்கென்று வந்த பணத்தில் ஹைத்தி அரசின் கைக்குப் போனது ஏறத்தாழ 1 சதவீதம். மீதி நிதி கொடுத்த நாடுகளின் சொந்தத் துறைகள், ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்தக்காரர்கள் வழியே போனது. அரசு ஊழல் மிக்கது, திறனற்றது என்று காரணம் சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் பணமே போகாத அரசுக்குத் திறன் எங்கிருந்து வரும்? பத்தாண்டு கழித்து அந்த அரசால் தலைநகரின் தெருக்களைக்கூடக் கையில் வைத்திருக்க முடியவில்லை என்றால், இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

கும்பல் வன்முறைக்குப் பின் ஹைத்தி அரசு, ஐ.நா., உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி ஆகியவை சேர்ந்து புதிதாக மதிப்பீடு செய்தன. 2025, 2026 இரண்டு ஆண்டுகளுக்கான தேவை சுமார் 1.3 பில்லியன் டாலர். 2010இன் 11.5 பில்லியனோடு ஒப்பிட்டால் சின்ன எண். துன்பம் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. காலம் இரண்டே ஆண்டு. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே எதைச் செய்ய முடியுமோ அதற்கு மட்டும் போட்ட கணக்கு அது. தலைநகரின் பெரும்பகுதி கும்பல்களின் கையில் இருக்கும்போது அங்கே புது மருத்துவமனைக்கு மதிப்பீடு எழுதி என்ன பயன்?

இந்த மீட்புக் கணக்கு தனி. அன்றாட நிவாரணத்துக்கு 2025ஆம் ஆண்டுக்கு ஐ.நா. தனியாக 908 மில்லியன் டாலர் கேட்டிருந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதி வரை அதில் பத்தில் ஒரு பங்குகூட வந்து சேரவில்லை.